விஞ்ஞான விளக்கு: லேபிள் ஒட்டிய புரதங்கள்



சென்ற இதழ் வெளிவந்தபின் சகோதரி ஒருவர் இப்பகுதிக்கு ஒரு வினா எழுதியிருந்தார். “என் கணவர் மெலிந்த தேகம் உடையவர். மாமிசம் உண்பதில்லை, நெய்யும் அளவோடுதான். அப்படியிருந்தும் அவருடைய இரத்தத்தில் கொலஸ்ட்ரால் மிகுதியாக இருப்பதாக டாக்டர் சொல்கிறார். அவருடைய தமையனார் நாற்பது வயது நிரம்புமுன்பே மாரடைப்பால் காலமானார். உண்ணாத கொழுப்பு உடம்பில் எங்கிருந்து வந்தது?” என்பது அவர் கேள்வி.

இதற்கு முதற்பாதி விடை எளிது. கொலஸ்ட்ரால் உணவிலிருந்து மட்டும் வருவதன்று. நம் உடலே, முக்கியமாகக் கல்லீரல், அதனை நாள்தோறும் ஆக்கிக்கொள்கிறது. அது முழுக்க முழுக்கப் பகைப்பொருளும் அன்று. உயிரணுக்களின் புறச்சவ்வு உறுதியாக நிற்பதற்கும், பித்தநீரும் சில ஹார்மோன்களும் உண்டாவதற்கும் அது இன்றியமையாதது. ஆகவே, “எங்கிருந்து வந்தது?” என்பதைக் காட்டிலும், “வந்த சரக்கு ஏன் இறக்கப்படாமல் இரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது?” என்று கேட்பதே பொருத்தம்.

இக்கேள்விக்கு விடை காண, ஒரு பொருள் உயிரணுவினுள் எவ்வழியே நுழைகிறது, எங்கெங்கே நிற்கிறது, எங்கே போய்ச் சேர்கிறது என்பதை விஞ்ஞானிகள் பின்தொடர்ந்து பார்க்கவேண்டியிருந்தது. அவர்கள் கையாண்ட வழி, பார்சல் ஆபீசில் வேலை பார்க்கும் என் போன்றோருக்கு நன்கு பழக்கமான வழியே. பொருளின்மேல் ஒரு லேபிள் ஒட்டினார்கள். ஆனால் அந்த லேபிள் காகிதத்தால் ஆனதன்று; ஒளியால் ஆனது.

ஏன் லேபிள் வேண்டும்?

ஒரு பெரிய ஜங்ஷனில் ஒரே நிறச் சாக்கில் கட்டிய ஆயிரம் மூட்டைகள் குவிந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அவற்றுள் ஒன்று நம் வீட்டிலிருந்து அனுப்பிய மூட்டை. லேபிளும் மார்க்கும் இல்லாவிட்டால் அது எந்த வண்டியில் ஏறியது, எந்த நிலையத்தில் இறங்கியது என்று எவராலும் சொல்ல இயலாது.

உயிரணுவின் நிலை இதனினும் கடினமானது. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஐம்பது முதல் நூறு உயிரணுக்கள் வரை வரிசையாக நிற்கும். அவ்வளவு சிறிய அறைக்குள் பல்லாயிரம் வகைப் புரதங்கள் ஓயாமல் இயங்குகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை நிறமற்றவை. சாதாரண மைக்ராஸ்கோப்பின்கீழ் உயிருள்ள அணுவை வைத்தால் கண்ணாடிபோல் தெளிந்த ஒரு பொருளும், அதனுள் மங்கலான சில நிழல்களுமே தெரியும். இன்ன புரதம் இன்ன இடத்தில் இருக்கிறது என்று அதிலிருந்து அறிய முடியாது.

ஒளிரும் சாயம்

சில பொருள்கள் ஒரு நிற ஒளியை உட்கொண்டு வேறொரு நிற ஒளியை வெளியிடும். கொயினாக் கரைசல் வெயிலில் நீலமாக மினுங்குவது இதற்கு உதாரணம். ஜார்ஜ் ஸ்டோக்ஸ் என்ற ஐரிஷ் விஞ்ஞானி 1852-ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து, இத்தகைய ஒளிர்வுக்கு ‘ஃபுளோரசன்ஸ்’ என்ற பெயரை இட்டார். உள்ளே போகும் ஒளியைக் காட்டிலும் வெளியே வரும் ஒளி அலைநீளம் மிகுந்தது என்பதையும் அவர் தெளிவாக்கினார். நம்முடைய ரூபாய் நோட்டை வங்கிக் காசாளர் புற ஊதா விளக்கின்கீழ் காட்டுகையில், அதன் எண்களும் அதிலுள்ள மெல்லிய இழைகளும் பளிச்சிடுவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே குணந்தான்.

1871-ஆம் ஆண்டில் ஜெர்மானிய ரசாயன நிபுணர் அடால்ஃப் ஃபான் பேயர், ஃபுளோரசீன் என்ற சாயத்தை ஆக்கினார். நீல ஒளி பட்டால் அது பச்சையாக ஒளிரும். இச்சாயத்தைப் புரதத்தோடு பிணைக்கும் யோசனை பிற்பாடு வந்தது. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் கூன்ஸ், 1941-ஆம் ஆண்டிலும் அதற்கு அடுத்த ஆண்டிலும் நோய் எதிர்ப்புப் புரதங்களோடு ஒளிரும் சாயங்களைச் சேர்த்து, நிமோனியாக் கிருமியின் பொருள் உடலில் எங்கே தங்கியிருக்கிறது என்று காட்டினார். லேபிள் ஒட்டிய புரதத்தின் வரலாறு இவ்வாறு தொடங்கியது.

ஒட்டும் முறை இதுதான். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த மாலை. அவற்றுள் லைசின் என்ற மணிக்குப் பக்கவாட்டில் ஒரு கைபோன்ற பகுதி உண்டு. சாயத்தின் ஒரு முனையை ரசாயனமுறையில் பக்குவப்படுத்தி, சற்றுக் காரத்தன்மையுள்ள நீரில் புரதத்தோடு சேர்த்தால், சாயம் அந்தக் கையைப் பற்றிக்கொள்ளும். பிறகு ஒட்டாமல் மிஞ்சிய சாயத்தை வடித்துப் பிரித்துவிட வேண்டும். சாயம் குறைந்தால் வெளிச்சம் போதாது. மிகுந்தால் புரதத்தின் குணமே மாறிவிடும். மூட்டை முழுதும் லேபிளாகவே ஒட்டினால் கட்டிய கயிறு மறைந்துபோவது போல!

இதற்கென அமைந்த மைக்ராஸ்கோப்பில் விசேஷக் கண்ணாடிகள் உண்டு. விளக்கிலிருந்து நீல ஒளியை மட்டும் அணுவின்மேல் விடும் ஒரு கண்ணாடி. திரும்பி வருவதில் பச்சையை மட்டும் நம் கண்ணுக்கு விடும் மற்றொன்று. இதனால் சுற்றிலும் இருளாக இருக்க, லேபிள் உள்ள இடம் மட்டும் அமாவாசை வானத்து விண்மீன்போல் தெரிகிறது. மிகச் சிறிய பொருளின் வடிவத்தை இதில் அளந்து பார்க்க இயலாது. ஆயினும் அது எங்கே இருக்கிறது, எத்திசையில் போகிறது என்பதை அறியலாம். வழி தேடுபவருக்கு அதுவே போதும்.

உயிரணுவின் வாயில்

உயிரணு வெளிப்பொருளை விழுங்கும் என்பது முன்பே தெரிந்த செய்தி. ருஷ்ய விஞ்ஞானி மெச்னிகாஃப், 1882-ஆம் ஆண்டில் நட்சத்திர மீனின் இளங்குஞ்சுக்குள் ஒரு முள்ளைச் செருகி, அதன் அணுக்கள் முள்ளைச் சூழ்ந்துகொள்வதைக் கண்டார். ஆனால் ஒரு புரதத்தை மட்டும் பொறுக்கியெடுத்து உள்ளே கொண்டுபோகும் நுட்பம் வெகுகாலம் கழித்தே புலப்பட்டது. தாமஸ் ராத், கீத் போர்ட்டர் ஆகிய இருவரும் 1964-ஆம் ஆண்டில் கொசுவின் முட்டையணுவை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் ஆராய்ந்தார்கள். கரு வளர்வதற்கு வேண்டிய புரதம் அணுவின் மேற்பரப்பிலுள்ள சிறு குழிகளில் சேர்வதையும், அக்குழிகள் உட்புறமாகக் கழன்று சிறு பைகளாக மாறுவதையும் கண்டார்கள். குழியின் உட்பக்கத்தில் மயிர்க்கால்போன்ற ஒரு பூச்சு இருந்தது. அப்பூச்சை ஆக்கும் புரதத்தைக் கேம்பிரிட்ஜில் பார்பரா பியர்ஸ் என்ற அம்மையார் பன்றியின் மூளையிலிருந்து பிரித்தெடுத்து, 1976-ஆம் ஆண்டில் அதற்குக் கிளாத்ரின் என்று பெயரிட்டார். கூடை பின்னும் பிரம்புபோல் அது பையைச் சுற்றிப் பின்னிக்கொள்கிறது.

இதே காலத்தில், டெக்ஸாஸ் மாகாணத்து டல்லாஸ் நகரில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற இரண்டு டாக்டர்கள், பிள்ளைப் பருவத்திலேயே மாரடைப்பு வரும் ஒரு பரம்பரை நோயை ஆராய்ந்து வந்தார்கள். அக்குழந்தைகளின் இரத்தத்தில் கொலஸ்ட்ரால் மற்றவர்களைப்போல் ஆறு மடங்கும் அதற்கு மேலும் இருந்தது. கொலஸ்ட்ரால் எண்ணெயைப்போல் நீரில் கரையாதது. ஆகவே இரத்தத்தில் அது எல்.டி.எல். என்ற மிகச் சிறிய உருண்டைகளில் கட்டப்பட்டுச் செல்கிறது. ஓர் உருண்டைக்குள் ஏறத்தாழ 1500 கொலஸ்ட்ரால் மூலக்கூறுகள். அவற்றின் மேல் மேலுறைபோல் ஒரு பெரிய புரதம்.

இந்த உருண்டையைப் பற்றிக்கொள்ள அணுவின் வாயிலில் ஒரு காவலாளி இருக்கிறான் என்பதை அவ்விருவரும் 1974-ஆம் ஆண்டளவில் நிலைநாட்டினார்கள். அதற்கு எல்.டி.எல். ஏற்பி என்று பெயர். அப்போது அவர்கள் ஒட்டியது கதிரியக்க லேபிள். எவ்வளவு சரக்கு உள்ளே போயிற்று என்று அது கணக்குச் சொல்லும்; போன வழியைக் கண்முன் காட்டாது. நோயுற்றவர்களின் தோலிலிருந்து வளர்த்த அணுக்களில் இந்தக் காவலாளி இல்லை, அல்லது குறைபட்டிருந்தான். இப்பணிக்காக 1985-ஆம் ஆண்டில் இருவருக்கும் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது.

பனிக்கட்டியும் கடிகாரமும்

ஒளிரும் லேபிளைக் கொண்டு இச்சோதனை எவ்வாறு நடைபெறுகிறது என்பதைச் சற்று விரிவாகக் கூறுகிறேன். இதில் ஒரு நல்ல உபாயம் உண்டு.

அணுக்களை முதலில் 4 டிகிரி வரை குளிர வைக்கிறார்கள். அக்குளிரில் காவலாளி சரக்கைப் பற்றிக்கொள்வான். ஆனால் உள்ளே கொண்டுபோக மாட்டான். இந்நிலையில் லேபிள் ஒட்டிய புரதத்தை ஊற்றிச் சிறிது நேரம் கழித்துக் கழுவிவிட்டால், அணுவின் ஓரம் மட்டும் மெல்லிய கோடாக ஒளிரும். எல்லா வண்டிகளும் சிக்னலில் நின்றுவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு 37 டிகிரி வெந்நீர்த் தொட்டிக்கு மாற்றுகிறார்கள். சிக்னல் இறங்குகிறது. எல்லாம் ஒரே வேளையில் புறப்படுகின்றன. சில நிமிடங்களில் ஓரத்திலிருந்த கோடு மறைந்து, உட்புறத்தில் புள்ளிகள் தோன்றுகின்றன. மேலும் நேரம் செல்லச் செல்ல அப்புள்ளிகள் அணுவின் நடுவை நோக்கி நகர்கின்றன. எந்த நிமிடத்தில் பார்க்கிறோமோ அந்த நிமிடத்து நிலையம் தெரிகிறது.

1978-ஆம் ஆண்டில் ஃபிரெடரிக் மேக்ஸ்ஃபீல்டும் அவருடைய தோழர்களும் அமெரிக்காவில் இன்சுலின் உள்ளிட்ட மூன்று வெவ்வேறு புரதங்களுக்கு ஒளிரும் லேபிள் ஒட்டி, சுண்டெலியின் அணுக்களுக்கு அளித்தார்கள். மூன்றும் மேற்பரப்பில் ஒரே திட்டுகளில் கூடி, ஒன்றாகவே உள்ளே நுழைந்தன. வெவ்வேறு சரக்குக்கு வெவ்வேறு வாயில் என்று நினைப்பதற்கு மாறாக, ஒரே வாயில் பல சரக்குகளுக்குப் பொதுவாக இருப்பதை உயிருள்ள அணுவிலேயே கண்டது அப்போது ஒரு புதுமை. 1981-ஆம் ஆண்டில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பராக், வெப் ஆகியோர் எல்.டி.எல். உருண்டையின் கொழுப்பிலேயே ஒளிரும் சாயத்தை ஊறவைத்து, தனித்தனி உருண்டைகள் அணுவின்மேல் நகர்வதைக் கண்டார்கள்.

பிரித்தனுப்பும் நிலையம்

உள்ளே போன சரக்கெல்லாம் ஓரிடத்துக்கே போவதில்லை. இதனை விளக்க இரண்டு லேபிள்களை ஒரே அணுவில் வைத்துப் பார்த்த சோதனையைச் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் மேக்ஸ்ஃபீல்டின் குழுவினர் 1989-ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டார்கள். எல்.டி.எல்.லுக்குச் சிவப்பு லேபிள். இரும்புச்சத்தைச் சுமந்துசெல்லும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்துக்குப் பச்சை லேபிள்.

தொடக்கத்தில் இரண்டும் ஒரே புள்ளிகளில் காணப்பட்டன. அதாவது, ஒரே வண்டியில் வந்து ஒரே நிலையத்தில் இறங்கின. அந்த நிலையத்துக்கு எண்டோசோம் என்று பெயர். ஆனால் சில நிமிடங்களுக்குள் பச்சை அங்கிருந்து விலகிப்போயிற்று. சிவப்பு அங்கேயே சேர்ந்துகொண்டு வந்தது. பச்சை மறுபடியும் அணுவின் மேற்பரப்புக்குத் திரும்பும் வழியில் சென்றது. சிவப்போ, பிற்பாடு லைசோசோம் என்ற சிதைவுக் கூடத்துக்குப் போய், அங்கே உருண்டை பிரிக்கப்பட்டுக் கொலஸ்ட்ரால் அணுவின் உபயோகத்துக்கு வெளிப்பட்டது. லைசோசோமைக் கண்டறிந்தவர் பெல்ஜிய விஞ்ஞானி கிறிஸ்டியன் டி டூவ், ஆண்டு 1955.

எவ்வாறு இந்தப் பிரிவினை நடக்கிறது? புளிப்பே காரணம். எண்டோசோமின் உட்புறம் சற்றுப் புளிப்பானது. லைசோசோம் அதனினும் புளிப்பானது. அப்புளிப்பில் எல்.டி.எல். தன் காவலாளியின் பிடியிலிருந்து நழுவுகிறது. வெறுங்கையான காவலாளி மறுபடி வாயிலுக்குத் திரும்பி அடுத்த சரக்கைப் பற்றுகிறான். ஒரு முறை போய்வர ஏறத்தாழ பத்து நிமிடம் ஆகிறது. டிரான்ஸ்ஃபெரின் அதே புளிப்பில் இரும்பை இறக்கிவிட்டு, காலி வாகனாகக் காவலாளியோடு ஒட்டிக்கொண்டே திரும்புகிறது. வெளியே வந்தவுடன் விடுபடுகிறது. ஒரே நிலையத்தில், ஒரே புளிப்பில், இருவகைச் சரக்குக்கு இருவகைத் தீர்ப்பு!

புளிப்பை அளந்ததும் லேபிளேதான். ஃபுளோரசீன் சாயம் புளிப்பில் மங்கும் குணமுடையது. எவ்வளவு மங்கியது என்று கணக்கிட்டால் எவ்வளவு புளிப்பு என்று தெரிந்துவிடும். 1978-ஆம் ஆண்டில் ஓகூமா, பூல் ஆகியோர் இம்முறையால் உயிருள்ள அணுவின் லைசோசோமில் புளிப்பை அளந்தார்கள். வழியைக் காட்ட ஒட்டிய லேபிள், வழியின் தட்பவெப்பத்தையும் சொல்லியது போலாயிற்று.

நம் நாட்டிலும் இத்துறையில் சிறப்பான பணி நடந்துள்ளது. பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சத்யஜித் மேயரும் அவர் குழுவினரும் சவ்வின்மேல் கொழுப்பு நங்கூரத்தால் தங்கியிருக்கும் ஒருவகைப் புரதங்களுக்கு லேபிள் ஒட்டிப் பார்த்து, அவை கிளாத்ரின் வாயிலைத் தவிர்த்து வேறொரு வாயிலால் நுழைகின்றன என்று 2002-ஆம் ஆண்டில் காட்டினார்கள். 2012-ஆம் ஆண்டில் அவருக்கு இன்ஃபோசிஸ் பரிசு கிடைத்தது.

ஜெல்லி மீன் தந்த விளக்கு

இதுவரை சொன்னவை வெளியிலிருந்து உள்ளே போகும் சரக்குக்கு ஏற்றவை. அணு தானே ஆக்கும் புரதத்துக்கு லேபிள் ஒட்டுவது எப்படி? அதற்கு விடை கடலிலிருந்து வந்தது. ஜப்பானியரான ஒசாமு ஷிமோமுரா, 1961-ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஏறத்தாழப் பதினாயிரம் ஜெல்லி மீன்களைச் சேகரித்து, அவை ஒளிர்வதற்குக் காரணமான பொருளைத் தேடினார். அவ்வேலையினிடையே, நீல ஒளியைப் பச்சையாக்கித் தரும் ஒரு புரதமும் அவருக்குக் கிட்டியது. 1962-இல் அச்செய்தி வெளிவந்தது. 238 அமினோ அமிலங்கள் கொண்ட அப்புரதமே இன்று பச்சை ஒளிர் புரதம் எனப்படுவது.

அதன் மரபணுவை 1992-ஆம் ஆண்டில் பிரித்தெடுத்தவர் டக்ளஸ் பிரஷர். அவரிடமிருந்து பெற்ற மரபணுவை மார்ட்டின் சால்ஃபி 1994-ஆம் ஆண்டில் ஒரு பாக்டீரியாவிலும் ஒரு சிறு புழுவிலும் புகுத்தி, அவற்றைப் பச்சையாக ஒளிரச் செய்தார். ராஜர் சியென் அப்புரதத்தைத் திருத்திப் பல நிறங்கள் ஆக்கினார். 2008-ஆம் ஆண்டு நோபெல் பரிசு ஷிமோமுரா, சால்ஃபி, சியென் மூவருக்கும் கிடைத்தது. பிரஷரோ, பணவுதவி கிடைக்காமல் ஆராய்ச்சியை விட்டுவிட்டு, அச்சமயம் அலபாமா மாகாணத்தில் ஒரு மோட்டார் விற்பனை நிலையத்தின் வாடிக்கையாளர்களை வண்டியில் ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தார். பரிசு பெற்றவர்கள் அவரை மறக்கவில்லை. சால்ஃபியும் சியெனும் தங்கள் செலவில் அவரைப் பரிசளிப்பு விழாவுக்கு அழைத்துச் சென்றார்கள். பயணப்பட்டியலில் பெயர் இல்லாத உழைப்பாளிகளை நம் இலாகாவிலும் நாம் அறிவோம் அல்லவா?

இப்போது, ஆராய விரும்பும் புரதத்தின் மரபணுவோடு இம்மரபணுவைத் தைத்துவிட்டால், அணு அப்புரதத்தை ஆக்கும்போதே லேபிளோடு ஆக்குகிறது. 1997-ஆம் ஆண்டில் ஜெனிஃபர் லிப்பின்காட்-ஷ்வார்ட்ஸ் அம்மையாரின் குழு இம்முறையில் ஒரு வைரஸ் புரதத்தை ஒளிரச் செய்தது. 40 டிகிரியில் அது தயாரிப்புக் கூடத்தைவிட்டு நகராது. 32 டிகிரிக்குக் குறைத்தால் திரள்திரளாகப் புறப்படும். புறப்பட்ட திரள்கள் நுண்குழாய்கள் என்னும் தண்டவாளங்களின்மேல் ஓடி, கால்ஜி என்ற நடுநிலையத்தை அடைவதை அவர்கள் படம் பிடித்தார்கள். உயிரணுவுக்குள் தண்டவாளமும் உண்டு, இழுக்கும் எஞ்சின்களும் உண்டு என்று அறிகையில் ரெயில்வே ஊழியனுக்கு ஏற்படும் மகிழ்ச்சியை விவரிக்கவும் வேண்டுமோ!

லேபிள் பொய் சொல்லும் வேளை

ஒரு விஷயத்தை இங்கே மறைக்கலாகாது. லேபிளை நம்பலாம், கண்ணை மூடிக்கொண்டு நம்பலாகாது. சாயம் புரதத்திலிருந்து கழன்றுவிட்டால் நாம் பின்தொடர்வது சரக்கையன்று, தனியே பறந்த லேபிளையே. சாயம் புரதத்தின் முக்கியமான இடத்தில் ஒட்டினால் காவலாளிக்கு அதனை அடையாளம் தெரியாமல் போகும்.

இன்னொரு அபாயம் படம் எடுக்கும் முறையில் உண்டு. அணுக்களை ரசாயனத்தால் ‘நிலைப்படுத்தி’ அதாவது உயிரை நிறுத்தி உருவை மட்டும் காத்து, பிறகு சாவகாசமாகப் பார்ப்பது வழக்கம். சில சிறு புரதத்துண்டுகள் எவ்வித வாயிலும் இன்றி அணுவின் சவ்வை ஊடுருவி, நேரே மையக்கருவுக்குப் போய்விடுகின்றன என்று பல ஆய்வுகள் இம்முறையால் கூறின. மருந்துகளை உட்செலுத்த அருமையான வழி என்று பலரும் நம்பினார்கள். 2003-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, உயிருள்ள அணுக்களில் அவ்வாறு காணப்படவில்லை என்றும், மேற்பரப்பில் ஒட்டியிருந்த துண்டுகளே நிலைப்படுத்தும் வேளையில் உள்ளே கசிந்து மையக்கருவை நிறைக்கின்றன என்றும் எடுத்துக்காட்டியது. சாதாரணமாகக் கழுவுவதும் மேலே ஒட்டியதை நீக்கப் போதவில்லை.

ஆகவே நல்ல ஆய்வாளர்கள் சில காவல்களை வைத்துக்கொள்கிறார்கள். குளிரிலும் உள்ளே போனதாகத் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். லேபிள் ஒட்டாத அதே புரதத்தை மிகுதியாக ஊற்றி, அது லேபிள் ஒட்டியதன் இடத்தைப் பறிக்கிறதா என்று பார்க்கிறார்கள். மேற்பரப்பில் ஒட்டியதைக் கழற்றிவிட்டு மிச்சத்தைக் கணக்கிடுகிறார்கள். “அற்புத மருந்து அணுவுக்குள் நேரே பாய்கிறது” என்று வண்ணப்படத்தோடு ஒரு விளம்பரத்தைக் கண்டால், இவற்றை நினைவிற்கொண்டு சற்று நிதானியுங்கள்.

குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள்

இனி, சகோதரியின் வினாவுக்கு மிச்சப் பாதி விடை. எல்.டி.எல். ஏற்பியின் கோளாறு பலவகை. காவலாளி ஆக்கப்படாமலே போகலாம். ஆக்கப்பட்டும், வாயிலுக்கு வராமல் தயாரிப்புக் கூடத்திலேயே தங்கிவிடலாம். வாயிலுக்கு வந்தும் சரக்கைப் பற்றாமலிருக்கலாம். பற்றியும் குழிக்குள் சேராமல் நிற்கலாம். உள்ளே போனவன் திரும்பி வராமலும் இருக்கலாம். எதுவாயினும் பலன் ஒன்றே: சரக்கு இறங்காமல் இரத்தத்தில் தேங்கி, நாளடைவில் இருதயத்தின் இரத்தக் குழாய்ச் சுவர்களில் படிகிறது. இதில் நோயாளியின் உணவுக் குற்றம் ஏதும் இல்லை.

தாய், தந்தை இருவருள் ஒருவரிடமிருந்து பழுதுற்ற மரபணு வந்தால் போதும். கொலஸ்ட்ரால் பிறவியிலிருந்தே மிகும். உலகில் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இந்நிலை இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் இது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருபுறமிருந்தும் பழுது வந்தால்தான் முன்னே சொன்ன, பிள்ளைப் பருவ மாரடைப்பு வரும் கொடிய நிலை. அது மிக அபூர்வம். ஆனால் நம்மவரிடையே அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணப்பது வழிவழி வந்த வழக்கம். ஒரே குடும்பத்தில் இப்பழுது இருக்குமானால், அத்தகைய மணத்தில் மணமகனும் மணமகளும் இருவருமே அதனை ஏந்தியிருக்கும் வாய்ப்பு மிகும். இருவரும் ஏந்தியிருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் கொடிய நிலை வர நான்கில் ஒரு வாய்ப்பு. வழக்கத்தைப் பழிக்க இதை எழுதவில்லை. ஜாதகம் பார்ப்பதற்கு முன் ஒரு இரத்தப் பரிசோதனையும் பார்த்துவிடுங்கள் என்றே வேண்டுகிறேன்.

குடும்பத்தில் ஆண் எவராவது 55 வயதுக்குள்ளும், பெண் எவராவது 60 வயதுக்குள்ளும் மாரடைப்புற்றிருந்தால், வயது வந்தவருக்கு எல்.டி.எல். அளவு 190 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால், கைமுட்டிகளிலோ குதிகாலின் பின்னரம்பிலோ மஞ்சள் கொழுப்புக் கட்டிகள் தோன்றினால், டாக்டரிடம் இந்நோயைக் குறிப்பிட்டுக் கேட்கவேண்டும். உடன்பிறந்தாரையும் பிள்ளைகளையும் சோதிப்பது அவசியம். ஊரில் இருக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் ஒரு கடிதமோ, ஒரு தொலைபேசிச் செய்தியோ அனுப்புங்கள். நாம் வெளியூரில் வாழ்வதால் சித்தப்பா எந்த வயதில், எதனால் மறைந்தார் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியாமலே போய்விடுகிறது. இதைக் குடும்பக் குறிப்பேட்டில் எழுதி வைப்பது ஒரு நல்ல பழக்கம்.

மருந்துகளும் இப்போது உண்டு. ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1970-களில் ஒரு பூஞ்சணத்திலிருந்து கண்டறிந்த பொருளின் வழிவந்த ஸ்டாட்டின் மருந்துகள், கல்லீரல் கொலஸ்ட்ரால் ஆக்குவதைக் குறைக்கின்றன. அதனால் கல்லீரல் அணுக்கள் தம் தேவைக்காக அதிகக் காவலாளிகளை வாயிலுக்கு அனுப்பி, இரத்தத்திலிருந்து சரக்கை இறக்குகின்றன. மற்றொரு கண்டுபிடிப்பு, பி.சி.எஸ்.கே.9 என்ற புரதத்தைப் பற்றியது. அது காவலாளியோடு ஒட்டிக்கொண்டு, வாயிலுக்குத் திரும்ப வேண்டியவனைச் சிதைவுக் கூடத்துக்கு இழுத்துச் செல்கிறது. 2003-ஆம் ஆண்டில் இதன் தொடர்பு வெளிப்பட்டது. அதனைத் தடுக்கும் ஊசி மருந்துகள் 2015-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. காவலாளி திரும்பும் வழியை முன்பே அறிந்திராவிட்டால், இத்தகைய மருந்து எவ்விடத்தில் வேலை செய்கிறது என்று விளக்கியிருக்க இயலாது. எம்மருந்தும் டாக்டரின் யோசனைப்படியே கொள்ளத்தக்கது. தாமாக வாங்கி உண்பதோ, தாமாக நிறுத்துவதோ கூடாது.

அடுத்த இதழில், அன்பர்கள் பலரும் கேட்டிருக்கும் தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரங்களைப் பற்றி எழுதலாம் என்று எண்ணம். இம்மாதிரி வினாக்களைச் சங்க அலுவலகத்துப் பெட்டியில் சேர்த்தால் இயன்ற அளவு விடை தருவேன்.